நகராத எழுபது

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு பொட்டுப் பசையை வைத்து, காதோரம் கொண்டுபோய், விரல்களை ஒட்டி ஒட்டிப் பிரிப்பார். கண் மூடியிருக்கும். ‘சப்’ என்று சத்தம் வந்தால் தலை ஆடும். ‘சொத்’ என்று வந்தால் சட்டி மறுபடி அடுப்புக்குப் போகும். “பசை பேசணும் அண்ணே. பேசாத பசை பிடிக்காது” என்பார். மருத்துவமனைக்குப் போகும் தெருவில் காலை ஒன்பது மணிக்கு நடக்கிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. புதிதாக வருகிறவர்கள் மட்டும் காதுவலி என்று நினைத்துக்கொண்டு, பக்கத்திலேயே டாக்டர் இருக்க இந்த மனிதர் எதற்குக் கைவைத்தியம் பார்க்கிறார் என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

படங்களுக்குச் சட்டம் போடுவது அவர் தொழில். தெருவில் அவருக்குப் பசையார் என்றுதான் பெயர். எட்டடி அகலக் கடை, ஒரு நீள மேசை, சுவர் முழுக்க மரச் சட்டங்களின் மூலைத் துண்டுகள். மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். சட்டியில் இருப்பது லேசாகப் பச்சையோடிய நீல நிறத்தில் கொதிக்கும். கடைகளில் விற்கும் டப்பாப் பசையைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எதிர்ப்பக்கத்துக் கண்ணாடிக் கடை என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கண்ணாடி அறுக்கும் வைர ஊசி ஒன்றே ஒன்றோடு ஆரம்பித்து இன்றைக்கு மூன்று கடை. ஒருத்தரிடம் போய் நின்றதில்லை, ஒருத்தர் சிபாரிசும் வாங்கியதில்லை. ஆளை எடை போடுவதில் என் தராசு இதுவரை பொய் சொன்னதில்லை. பசையாரை முதல் நாளே போட்டுப் பார்த்துவிட்டேன்: வேலை சுத்தம், வாயில் கொஞ்சம் ஜம்பம். கை சுத்தமாக இருக்கிறவன் ஜம்பம் அடிக்கலாம், தப்பில்லை. நானும் அடிக்கிறவன்தான்.

கோணலாகத் தொங்கும் படத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. யார் வீடு, யார் சுவர் என்று பார்க்க மாட்டார். ஒரு தடவை பல் பிடுங்கப் போனவர், வாயில் பஞ்சோடு நாற்காலியிலிருந்து எழுந்துபோய், டாக்டரின் பட்டச் சான்றிதழை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து மறுபடி வாயைத் திறந்தார். அவர் மனைவி சொல்வார்: “மொத தடவை எங்க வீட்டுக்கு வந்தப்ப என்னை எங்க பார்த்தாரு? எங்க அப்பா போட்டோ சாஞ்சிருந்துச்சு, அதைத்தான் பார்த்தாரு. நேராக்கிட்டுத்தான் உட்கார்ந்தாரு.” அந்த அம்மாள்தான் கடையில் அளவெடுப்பதும் அட்டை வெட்டுவதும். பேசும்போது தலை நிமிராது. ஆனால் சொல் மட்டும் நேராக வந்து தைக்கும்.

பசையார் போடும் சட்டம் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும்: ‘உள்ளே இருப்பது நகர்ந்தால் கூலி வாபஸ்.’ மற்ற கடைகளில் படத்தை அட்டைமேல் சும்மா வைத்துக் கண்ணாடியால் அழுத்திவிடுவார்கள். ஒரு மழைக்காலம் போனால் படம் சுருங்கிச் சரிந்து நிற்கும். இவர் அப்படி இல்லை. முதுகு முழுக்கப் பசை தடவி, உருளையால் உருட்டி, அட்டையோடு அட்டையாக ஆக்கிவிடுவார். இருபத்தாறு வருடத்தில் ஒருத்தர்கூடக் கூலியைத் திரும்பக் கேட்டு வந்ததில்லை. வருவார்கள் என்று அவரும் நினைக்கவில்லை. எழுபது நோட்டு வரும்வரை.

நாட்டின் மத்திய வங்கிக்கு எழுபது வயது நிறைந்தது. நம்மைப் போல வயதானதை வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர்கள் அதைக் கொண்டாட எழுபது மதிப்பில் ஒரு நினைவு நோட்டு அடித்தார்கள். முன்பக்கம் மத்திய வங்கிக் கட்டடம், பின்பக்கம் இந்த மண்ணிலிருந்து மறைந்துபோன ஒரு பறவை, நடுவில் வெள்ளி இழை. அந்த நோட்டை மடிப்பு அட்டை ஒன்றில் வைத்து நூறுக்கு விற்றார்கள். எழுபதை நூறு கொடுத்து வாங்க வங்கி வாசலில் தெருமுனைவரை வரிசை. நான் எந்த வரிசையிலும் நிற்கிற ஆள் இல்லை. கடைக் கணக்குப்பிள்ளையை நிற்க வைத்து ஒன்று வாங்கினேன், ஒளிப்பானேன்?

வாங்கிய பிறகுதான் அதை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பேருந்தில் நீட்டினால் கண்டக்டர், “இது நோட்டா, கல்யாணப் பத்திரிகையா?” என்றார். மருந்துக் கடையில் கல்லாப்பெட்டியின் அறைக்குள் அது நுழையவில்லை. ஒரு விரற்கடை நீளம் அதிகம். வங்கியின் சொந்த இயந்திரமே அதை உள்ளே வாங்கிப் பார்த்துவிட்டு, பிடிக்காத சாப்பாட்டைக் குழந்தை தள்ளுவதுபோல் வெளியே தள்ளியது. செலவழிக்க முடியாத காசை என்ன செய்வது? மாட்டி வைப்பது. தெரு முழுக்கப் பசையார் கடைக்கு வந்தது.

அந்த ஒன்றரை மாதம் மனிதர் தரையில் நடக்கவில்லை. “அண்ணே, மத்திய வங்கி அடிச்சா மட்டும் போதுமா? அது நேரா நிக்கிறது நம்ம கையில இருக்கு” என்று என்னிடம் சின்னக் கண்ணாடியாக வாங்கிப் போவார். முந்நூற்றுப் பன்னிரண்டு கண்ணாடி. என் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கட்டடம் அசலைவிடப் பளிச்சென்று இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் சட்டம் அவருடைய சொந்த நோட்டுக்கு. மேசைக்கு நேர்மேலே மாட்டி, தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் பகுதி வங்கிக் கிளையின் மேலாளரும் ஒன்று செய்து வாங்கிப்போய்க் காசாளர் சன்னலுக்கு மேலே மாட்டினார். பசையார் மனைவி மட்டும், “மத்திய வங்கிக்காரனுங்க தன் போட்டோவைத் தானே எடுத்து, தானே பிரிண்டு போட்டு, ஊர்ல எல்லார் தலையிலயும் கட்டிட்டானுங்க” என்றார், தலை நிமிராமல்.

பிறகு செலவுக் கணக்கு பத்திரிகையில் வந்தது. சாதாரண நோட்டு அடிக்கிற செலவைப் போல இதற்கு ஆறு மடங்காம். மடிப்பு அட்டைக்குத் தனி. வெளியீட்டு விழாப் பந்தலுக்குத் தனி. மறைந்துபோன பறவையை வரைந்தவருக்கு, அது எங்கே மறைந்தது என்று போய்ப் பார்த்துவர வழிச்செலவு தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஊர் கொதித்தது. அந்தக் காசில் ஒரு பாலம் கட்டியிருக்கலாம் என்று ஒருத்தர் எழுதினார். ஒரு பாலத்தைப் பழுதாவது பார்த்திருக்கலாம் என்று அடுத்தவர் எழுதினார். “பெருமைக்கு விலை கிடையாது” என்று மத்திய வங்கி பதில் அறிக்கை விட்டது. விலை கிடையாது என்றால் நூறு எதற்கு வாங்கினாய் என்று அதற்கும் கேட்டார்கள். கடைசியில் தலைவலி தாங்காமல் ஒரு அறிவிப்பு வந்தது: எழுபது நோட்டு திரும்பப் பெறப்படும், மாதக் கடைசிக்குள் எந்த வங்கிக் கிளையிலும் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், சேதமில்லாத நோட்டு மட்டும், அதற்குப் பிறகு செல்லாது.

எல்லோரும் சுவரிலிருந்து சட்டத்தை இறக்கினார்கள். பின்பக்க ஆணியைப் பிடுங்கி, கண்ணாடியை எடுத்து, நோட்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார்கள். நோட்டின் முகம் வந்தது, முதுகு வரவில்லை.

அப்படிக் கிழிந்தது முதலில் ஏழு. ஏழு பேரும் கடைக்கு வந்தார்கள். பசையார் ஏழு பேருக்கும் எழுபதை எடுத்துக் கொடுத்தார். அதற்குள் செய்தி பரவி, மற்றவர்கள் கிழிக்காமல் சட்டத்தோடு கொண்டுவந்து மேசைமேல் அடுக்கினார்கள். “மாட்டினவர் கழட்டிக் குடுங்க” என்பதற்கு மேல் யாரும் பேசவில்லை. அவ்வளவையும் அவர் கையிலிருந்து கொடுத்தால் கடையில் ஆணியும் சுத்தியலும்தான் மிஞ்சும். அதைவிட, பசையார் ஒட்டினால் பணம் நாசம் என்று ஒரு பேச்சு கிளம்பினால், பிறகு அவர் எந்தத் தெருவில் போய் எந்தப் பசையைக் காதில் வைத்துக் கேட்பது?

முதல் ஆளாக நின்றவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். இடுப்பில் கை.

“உங்க சீட்டுல என்ன எழுதியிருக்கு?”

“நகர்ந்தா கூலி வாபஸ் டீச்சர்.”

“நகரலைன்னா?”

பசையார் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, தன் சொந்தக் காசில் வாங்கிய ஒரு எழுபதை ஒட்டி, காயவைத்து, ஆவி காட்டிப் பார்த்தார். பசை இளகுவதற்கு முன்னால் வெள்ளி இழை சுருண்டு எழுந்து நின்றது. இன்னொன்றை ஒட்டித் தண்ணீரில் முக்கினார். அட்டை ஊறி வீங்கி, நோட்டையும் சேர்த்து இழுத்தது. இருபத்தாறு வருடம் பிரியாமல் இருக்கவே பசை காய்ச்சிய மனிதர். பிரிப்பதற்கு என்ன செய்வது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. தன் வேலையின் நேர்த்தியில் தானே ஆப்பசைத்த குரங்காக உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் கடையில் ஒரு சட்டம் சாய்ந்து தொங்கியதைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

“ஏங்க” என்றார் மனைவி, அட்டை வெட்டிக்கொண்டே. “எதுக்கு நோட்டை அட்டையிலேருந்து பிரிக்கிறீங்க? அட்டையை நோட்டுலேருந்து பிரிங்களேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா.”

“ஒண்ணா? பிடிவாதக்கார மனுசன் கையிலேருந்து பொருளை வாங்கணும்னா பொருளையா இழுப்பாங்க? அவர் விரலை ஒவ்வொண்ணா எடுக்கணும். எனக்கு அந்த அனுபவம் உண்டு.”

நோட்டின் முகத்தைக் கீழே வைத்து, அட்டையின் முதுகில் ஈரத்துணி போட்டு மூடினார் அந்த அம்மாள். கால்மணி கழித்து அட்டையை மேலிருந்து ஒவ்வொரு தோலாக உரித்தார், வெங்காயம் உரிக்கிற மாதிரி. கடைசித் தோல் மெல்லிசாகப் பசையோடு நின்றது. அதை விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுத்தார். டீச்சரின் எழுபது முழுசாக மேசைமேல் கிடந்தது. பசையார் அதைப் பார்க்கவில்லை, மனைவியின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இருபத்தாறு வருசமா இந்த வித்தையை எங்க வச்சிருந்தே?” என்றார். “கேட்டீங்களா?” என்றார் அந்த அம்மாள்.

ஆனால் ஒரு குறை. ஈரத்தில் மயில்துத்தம் கரைந்து நோட்டின் பின்பக்கத்தில் இறங்கியிருந்தது. பழுப்பு நிறப் பறவை நீலமாகியிருந்தது.

மாதம் முடிய நாலு நாள். இந்த ஒன்றை வங்கி வாங்கினால் முந்நூற்றுச் சொச்சமும் பிழைத்தது, வாங்காவிட்டால் அத்தனையும் போனது. டீச்சர், பசையார், அவர் மனைவி மூன்று பேரையும் நான்தான் கூட்டிப்போனேன். நாற்பது வருடமாக அந்தக் கிளையில் கணக்கு வைத்திருப்பவன், நான் போய் நின்றால் எழுந்து நிற்பார்கள் என்று சொல்லியிருந்தேன். டோக்கன் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன்.

காசாளர் இளம் பெண். நோட்டைத் திருப்பிப் பார்த்தார். “பறவை நீலமா இருக்கே. ஒரிஜினல் பறவை பழுப்பு.”

“ஒரிஜினலை நீங்க பார்த்திருக்கீங்களா?” என்றார் டீச்சர்.

“சந்தேகமா இருந்தா வாங்காதேன்னு உத்தரவு மேடம்.”

“சரி, அது கிடக்கட்டும். நூறு குடுத்து வாங்கினேன். எழுபது தர்றேங்கிறீங்க. மிச்சம் முப்பது எங்க?”

“அது அட்டைக்கு மேடம்.”

டீச்சர் கைப்பையிலிருந்து மடிப்பு அட்டையை எடுத்துச் சன்னலில் வைத்தார். “இந்தாங்க அட்டை. முப்பதை எடுங்க.” வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சத்தம் கேட்டு மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்தார்.

இவ்வளவு நடக்கும்போது பசையார் எங்கே என்று திரும்பினால், மனிதர் காசாளர் சன்னலுக்கு மேலே எட்டி, அங்கே தொங்கிய சட்டத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார். தன் கடை, தன் பெயர் இரண்டும் அந்தச் சன்னலில் தொங்குகிற நேரத்தில், ஒரு விரற்கடைக் கோணல் அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது.

“ஹலோ, அதைத் தொடாதீங்க! அது பேங்க் சொத்து” என்றார் மேலாளர்.

“தொடட்டும் சார்” என்றார் பசையார் மனைவி. “ஒட்டினதே அவர்தான். மாசக் கடைசிக்குள்ள எல்லா நோட்டும் திரும்ப வரணும்னு நீங்கதானே போர்டு எழுதி வச்சிருக்கீங்க. மேலே தொங்குறதும் அதுல சேர்த்திதானே? மொதல்ல உங்களுதைக் கழட்டுங்க. எப்படி வருதுன்னு நாங்களும் பார்க்கிறோம்.”

மேலாளருக்குச் சுருக்கென்றது. பத்துப் பேர் பார்க்கிறார்கள். சட்டத்தை இறக்கச் சொல்லி, கண்ணாடியை எடுத்து, நோட்டின் மூலையைப் பிடித்தார். “சார், வேணாம் சார்” என்றார் பசையார். நிஜமான பதற்றத்தோடு சொன்னார். தன் வேலை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். மேலாளர் இழுத்தார். மத்திய வங்கிக் கட்டடம் மூன்றாவது மாடியில் இரண்டாகப் பிளந்தது.

டோக்கன் இயந்திரம் மட்டும் அடுத்த எண்ணைக் கூப்பிட்டது.

மேலாளர் எங்களை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நாற்பது வருடத்தில் எனக்கு அங்கே நாற்காலி கிடைத்தது அன்றைக்குத்தான். “இது கிளைக் கணக்குல இருக்கிற நோட்டு. முழுசா மேலே அனுப்பணும்” என்றார் மெதுவாக. பசையார் மனைவி குடிக்கிற தண்ணீரில் முந்தானையை நனைத்து அட்டையின் முதுகில் வைத்தார். உரித்து எடுத்த இரண்டு துண்டையும் பசையார் மேசைக் கண்ணாடிமேல் சேர்த்து வைத்து, கண்ணைச் சுருக்கி, சன்னல் சன்னலாகப் பொருத்தினார். கடைக்கு ஓர் ஆளை அனுப்பச் சொல்லி என்னிடம் சொன்னார். என் ஆள் ஓடிப்போய்ப் பசைச் சட்டியைக் கொண்டுவந்தான். காதில் வைத்துக் கேட்டார். தலை ஆடியது. மெல்லிய தாள் கீற்று ஒன்றைப் பின்னால் கொடுத்து மூன்றாவது மாடியை ஒட்டினார். எங்கே கிழிந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க டீச்சருக்கே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட வேண்டியிருந்தது. அந்த நோட்டின் பறவையும் நீலமாகத்தான் இருந்தது.

மேலாளர் சுற்றறிக்கையை எடுத்து இரண்டு முறை படித்தார். “இதுல கிழிசல் பத்தித்தான் போட்டிருக்கு. நிறம் பத்தி எதுவும் இல்லை” என்றார். காசாளரைக் கூப்பிட்டு, “நீலப் பறவையை எடுத்துக்கலாம்மா” என்றார். டீச்சரின் முப்பது மட்டும் கடைசிவரை வரவில்லை. மடிப்பு அட்டையை அவர் சன்னலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

அடுத்த மூன்று நாள் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. மனைவி உரித்தார், கணவர் ஒத்தி எடுத்தார், நான் கண்ணாடிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். முழு விலைக்கு இல்லை, வியாபாரம் வியாபாரம்தான். என்னுடைய எழுபதும் அதில் ஒன்றாகப் போனது. கடைசி நாள் மத்தியானம் மேசை காலியானது. மேலே பார்த்தால் பசையாருடைய சொந்த நோட்டு, ஒரு மயிரிழை பிசகாமல், அப்படியே தொங்கியது.

“அது?” என்றார் மனைவி.

“இருக்கட்டுமேம்மா.”

“நாளைக்கு அது வெறும் பேப்பர். பேப்பருக்கா சட்டம் போடுவீங்க?”

“இவ்வளவு நாளா வேற எதுக்குப் போட்டேன்?” என்று முணுமுணுத்தபடி இறக்கிக் கொடுத்தார். அந்த அம்மாள் உரித்துக் கொடுக்க, வங்கி மூடக் கால்மணி இருக்கும்போது ஓடினார்.

திரும்பி வரும்போது கையில் ஒரு ஐம்பது, ஒரு இருபது. இரண்டும் மடிப்புக் காணாத புத்தம் புதுசு. இருபதைச் சட்டைப்பையில் போட்டார். ஐம்பதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மேசைமேல் அவருடைய காலிச் சட்டம் கிடந்தது. ஐம்பதைக் குப்புறப் போட்டு, நாலு மூலையையும் நகத்தால் நிமிர்த்தினார். பக்கத்துச் சட்டியில் விரலை வைத்து ஒரு பொட்டு எடுத்து, கண்ணை மூடி, காதோரம் கொண்டுபோனார். ‘சப்’ என்றது. தலை ஆடியது. கை தூரிகையைத் தேடிப் போனது.

அந்தப் பக்கம் அட்டை வெட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள், தலை நிமிராமல், அளவுகோலை நீட்டிப் பசைச் சட்டியைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.